மகளின் பல்லுக்கு வார்த்த காப்பு

எங்கள் வீட்டில் உடுப்புகள் மேல்நோக்கி ஏறுகின்றன. மகள் பதினைந்து வயதிலேயே என்னைவிட ஒரு தலை உயரம். அவளுக்குக் கட்டையாகிப்போன குளிர் ஜக்கற் எனக்கு வருகிறது. அவள் கால் வளர்ந்து கழித்த சப்பாத்து எனக்கு வருகிறது. கண்ணாடி கீறின கைபேசி எனக்கு வருகிறது. நான் நான்காவது பெண்ணாகப் பிறந்து, அக்காமாரின் சட்டைகளுக்குள்ளேயே வளர்ந்தவள். ஜேர்மனிக்கு, கொலோன் நகரத்துக்கு வந்து, கல்யாணம் கட்டி, பிள்ளை பெற்று நிமிர்ந்து பார்த்தால் மறுபடியும் எனக்கு ஓர் அக்கா வாய்த்திருக்கிறாள். இந்த அக்காவை நானே பெற்றிருக்கிறேன், அதுதான் வித்தியாசம்.

அப்படித்தான் அவளுடைய பற்காப்பும் என் வாய்க்கு வந்து சேர்ந்தது.

மகள் சின்ன வயதிலிருந்தே ஹொக்கி விளையாடுகிறாள். அவளுடைய கழகத்தில் பெற்றோருக்கென்றும் ஓர் அணி இருக்கிறது. பிள்ளையை இறக்கிவிட்டுக் காருக்குள் குந்தியிருந்து கைபேசியைத் தேய்க்கிற தாய் தகப்பன்மாரைப் பிடித்து, கையில் மட்டையைக் கொடுத்து ஓடவிடுவார்கள். நான் வருஷக்கணக்காக வேலிக்கு வெளியே நின்றவள். நிற்பது என்றால் நிற்பதில்லை, வேலியோரம் மேலும் கீழும் நடப்பேன். எனக்கு ஓரிடத்தில் கால் தரிக்காது. ஒரு செவ்வாய்க்கிழமை அவர்களுக்கு ஆள் குறைந்தது. கோல் காக்கிறவர், பனை உயரத்தில் ஒரு தகப்பன், வேலிக்கு மேலால் ஒரு மட்டையை நீட்டினார்.

“எப்படியும் நடந்துகொண்டுதானே இருக்கிறீர்கள், உள்ளே வந்து நடங்கள்” என்றார் ஜேர்மனில்.

உள்ளே போனேன். நடக்கவில்லை, ஓடினேன். தண்ணீர் தெளித்த செயற்கைப் புல், ஈரத்தில் சறுக்கி வரும் வெள்ளைப் பந்து, என் மூச்சு எனக்கே கேட்கிற சத்தம். பஸ்ஸைப் பிடிக்கவும் இல்லை, அழுகிற பிள்ளையைத் தூக்கவும் இல்லை. ஒரு தேவையும் இல்லாமல், சும்மா, ஓடுகிறேன். உடம்பு இவ்வளவு நாளும் எங்கே போயிருந்தது என்று கேட்கத் தோன்றியது. வீட்டுக்கு வந்து சோற்றை மூன்றாம் தரமும் போட்டுச் சாப்பிட்டேன்.

அடுத்த செவ்வாய் வரவேண்டுமென்றால், பந்து பட்டுப் பல் உடையாமலிருக்கப் பற்காப்பு வேண்டும் என்று கோல் காப்பாளர் சொல்லியிருந்தார். மகளின் மேசை லாச்சியில் ஊதா நிறத்தில் ஒன்று கிடந்தது, அவள் பத்து வயதில் போட்டது. சுடுதண்ணீரில் போட்டு இளக்கி, மேற்பல்லில் வைத்துக் கடித்து, பல்லின் அச்சு எடுத்துக்கொள்கிற சாதி. பிறகென்ன, மறுபடி இளக்கினால் மறுபடி அச்சு விழும்தானே?

மகள் குசினி வாசலில் வந்து நின்று பார்த்தாள். “அம்மா! ச்சீ! உது என்ரை வாய்க்குள்ளை கிடந்தது!”

“நீயே என்ரை வயித்துக்குள்ளை கிடந்தனி. கழுவினாப் போச்சு.”

“புதுசு ஒண்டு வாங்குங்கோவன்.”

“உது நல்லாத்தானே கிடக்கு, பிள்ளை.”

கணவர் ரீவியை விட்டுவிட்டு எழும்பி வந்தார். “பால் சட்டியிலையோ உதை அவிக்கிறீர்?”

“இஞ்சாருங்கோ, நிண்டு கதைக்காமல் அந்தக் கரண்டியை எடுத்துத் தாங்கோ.”

ஊதா நிறம் தண்ணீருக்குள் மெல்லச் சுருண்டது. எடுத்து வாயில் வைத்துக் கடித்தேன். ஒரு மாதிரி இருந்தது. கடைவாய்ப் பல்லுக்கு அது எட்டவேயில்லை. மகளுக்கு அந்த வயதில் தொண்டையில் முட்டி ஓங்காளிக்குதென்று, அவளுடைய அப்பாதான் குசினிக் கத்தரிக்கோலால் இரண்டு முனையையும் கத்தரித்துவிட்டிருந்தார். வலப்பக்கம் தடிப்பு, இடப்பக்கம் கடுதாசிபோல மெல்லிசு. வாயைத் திறந்தால் பொத்தென்று நாக்கில் விழும். அதற்கென்ன, திறக்காமல் விட்டால் சரி என்று நினைத்தேன். சப்பாத்து பெரிதென்றால் நுனியில் பஞ்சு அடைவதில்லையா? அதுபோல இதைக் கடித்துப் பிடித்துக்கொள்ளலாம்.

கடித்துப் பிடித்துக்கொண்டே இரண்டு மாதம் விளையாடினேன். என்னைப் பின்வரிசையில் இடப்பக்கம் நிறுத்தினார்கள். பின்வரிசையில் நிற்கிறவர்தான் முழு மைதானத்தையும் பார்க்கிறவர். யார் எங்கே வருகிறார் என்று கத்திச் சொல்ல வேண்டியவரும் அவர்தான். நான் வாயே திறக்கவில்லை. என்னை மிகவும் அமைதியான பெண் என்று அணியில் எல்லோரும் நம்பிவிட்டார்கள். இதைக் கேள்விப்பட்ட அன்று கணவர் கதிரையிலிருந்து சறுக்கி விழாத குறையாகச் சிரித்தார்.

“அமைதியோ? நீரோ? ஆள் மாறி விளையாடுறீர் போலை கிடக்கு.”

வலி இடக்காதில் தொடங்கியது. காதுக்குள் குளிர் போய்விட்டதென்று பஞ்சு வைத்தேன். பிறகு கொட்டாவி விட்டால் ஒரு சத்தம், டிக். அப்பிள் கடித்தால் டிக். நான் சின்னப் பிள்ளைகளின் பராமரிப்பு நிலையம் ஒன்றில் வேலை செய்கிறேன். பகல் சாப்பாட்டு மேசையில் ஒரு நாலு வயதுக்காரி கரண்டியைக் கீழே வைத்துவிட்டு, என் கன்னத்தில் காதை ஒட்டி வைத்து, மற்றவர்களுக்கு அறிவித்தாள்: “இவவின் வாய்க்குள் மணிக்கூடு இருக்கிறது.” பிறகு வரிசையில் வந்து எல்லாரும் கேட்டார்கள். வலித்தாலும், இரண்டு தரம் மென்று காட்டினேன்.

சிரிப்பு நின்றது மகளின் பிறந்தநாளன்று. எங்கள் வீட்டில் பிறந்தநாள் என்றால் ஆட்டிறைச்சி ரோல்ஸ். நானே சுற்றி, நானே பாண்தூளில் பிரட்டி, நானே பொரித்தேன். சுடச்சுட ஒன்றை எடுத்து வாயருகே கொண்டுபோனேன். வாய் பாதியில் நின்றுவிட்டது. கதவுக்குப் பின்னால் யாரோ நின்று தள்ளுவதுபோல, அதற்கு மேல் திறக்கவில்லை. கன்னத்திலிருந்து நெற்றிப் பொட்டுவரை ஒரு கம்பி இழுத்தது. ரோல்ஸைக் கத்தியால் வெட்டித் துண்டு துண்டாகத் தின்றேன்.

அன்றைக்குக் கணவர் பகிடி விடவில்லை. “ஹொக்கியை விடும்” என்றார். “வாயைத் திறக்க ஏலாமல் கிடக்கு. இந்த வயசிலை உமக்கு உது தேவையோ?”

இன்னும் ஒரு மாதத்தில் கோடைச் சுற்றுப்போட்டி. இரவல் மட்டையோடு வந்தவளுக்கு என்று கழகத்தில் ஒரு சட்டை அடித்து வைத்திருந்தார்கள், முதுகில் என் இலக்கத்தோடு. ஒருவரும் முன்பு போட்டுக் கழிக்காத சட்டை. அதைப் போட்டுக்கொண்டு ஒரு தரமாவது மைதானக் கோட்டைத் தாண்டி உள்ளே ஓடவேண்டும். வேறொன்றும் எனக்கு வேண்டியிருக்கவில்லை. அவரிடம் அதைச் சொல்லத் தெரியாமல், “பல் டொக்டரிட்டை ஒரு டெர்மின் எடுத்துப் போய்க் காட்டுறன்” என்று மட்டும் சொன்னேன்.

பல் வைத்தியர் என்னிலும் இளமையான ஜேர்மன் பெண். இரண்டு காதுக்கும் முன்னால் விரல் வைத்து, திற, மூடு, திற, மூடு என்றார். மூன்று விரலை ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து வாய்க்குள் விடச் சொன்னார். ஒன்றரை விரல் போனது. இரவில் பல் நறநறப்பீர்களா, கவலை ஏதும் உண்டா, சூயிங்கம் மெல்வீர்களா என்று கேட்டுக்கொண்டே போனார். கேள்வி முடிந்தபாடில்லை. நான்தான், “ஹொக்கிக்கு மட்டும் ஒன்று போடுவேன்” என்று கைப்பைக்குள்ளிருந்து ஊதாவை எடுத்தேன்.

அவர் அதை இரண்டு விரலால் தூக்கி வெளிச்சத்தில் பிடித்தார். “இது யாருடையது?”

“என்னுடையது.”

“அதற்கு முன்பு?”

“மகளுடையது.”

முகத்தை அசைக்காமல் இருக்க அவர் பட்ட பாடு எனக்கு விளங்கியது. அதைப் போட்டுக்கொண்டு வாயைத் திறக்கச் சொன்னார். திறந்தேன். மடியில் விழுந்தது.

“அப்படியானால் விளையாடும்போது எப்படி நிற்கிறது?”

“கடித்துப் பிடிப்பேன்.”

“எவ்வளவு நேரம்?”

“விளையாட்டு முடியும்வரைக்கும்.”

இப்போது அவர் சிரித்தே விட்டார். அவரோடு நானும் சிரித்தேன், அதுவும் டிக் என்றது. பிறகு ஒரு நீலத் தாளைப் பல்லுக்கிடையில் வைத்துக் காப்போடு கடிக்கச் சொன்னார். நீலம் வலப்பக்கத்தில் மட்டும், அரிசியளவு இரண்டு பொட்டு. இடப்பக்கம் சுத்தம். நல்ல காப்பென்றால் தானாகவே மேற்பல்லில் பற்றிக்கொண்டு நிற்கும் என்றார். வாய் திறந்தாலும் விழாது, கடிக்கும்போது இரண்டு பக்கமும் ஒரே நேரத்தில் தொடும். என்னுடையது நிற்காததால் தாடைத் தசை இறுகியபடியே இருந்திருக்கிறது. பின்பல்லுக்கு ஒன்றும் இல்லை, ஒரு பக்கம் மட்டும் உயரம். ஒரு கால் கட்டையான மேசையில் பாரம் ஏற்றினதுபோல, ஒவ்வொரு கடியிலும் தாடை சரிந்து, இடப்பக்க மூட்டு அந்தப் பாரத்தை வாங்கிக்கொண்டது.

“மூட்டு உடையவில்லை. களைத்துவிட்டது” என்றார். “மெத்தென்ற சாப்பாடு, சூடான ஒத்தடம், கொஞ்ச நாள் விளையாட்டு வேண்டாம். உங்கள் வாய்க்கென்று ஒன்று செய்வோம். வலி குறைந்தால் போட்டிக்குப் போகலாம். குறையாவிட்டால் வேலிக்கு வெளியே நின்று கைதட்டுங்கள்.”

வீட்டுக்கு வந்து நீலத் தாள் கதையைச் சொன்னேன். மகள் உடனே தகப்பனைப் பார்த்தாள். “அப்பா, அந்த முனையை வெட்டினது நீங்கள்தானே?”

“ஓம், உனக்காக வெட்டினது. கொம்மா அதை எடுத்துத் தன்ரை வாயிலை போடுவா எண்டு நான் கண்டனானோ?”

ஆனாலும் அன்றிலிருந்து குசினி அவருடையதாகிவிட்டது. இடியப்பமும் சொதியும், குழைந்த சோறும் பருப்பும், உப்பிட்ட கஞ்சி. பாணின் கரையை வெட்டி எறிந்துவிட்டுப் பாலில் நனைத்துத் தந்தார். சுடுதண்ணீரில் துவாயை நனைத்துப் பிழிந்து, என் கன்னத்தில் வைத்துப் பிடித்துக்கொண்டு செய்தி பார்த்தார். செவ்வாய்க்கிழமைகளில் நான் வேலியோரம் மேலும் கீழும் நடந்தேன். உள்ளே போகத் தெரிந்த பிறகு வெளியே நிற்பது வேறு மாதிரி இருந்தது; புல்லின் ஈர மணம்கூட என்னைக் கூப்பிட்டது.

வலி கொஞ்சம் இறங்கின பிறகு போனபோது, வாய்க்குள் கமெரா வைத்த ஒரு குச்சியைச் சுழற்றி என் பற்களைத் திரையில் காட்டினார் வைத்தியர். கோணல், தேய்வு, ஒரு பல் போன இடைவெளி, எல்லாமே நான். புதுக் காப்புக்குச் சிவப்பு நிறம் கேட்டேன். அடுத்த தரம் போனபோது சிவப்பு தயாராக இருந்தது. மேற்பல்லில் வைத்துப் பெருவிரலால் அழுத்தினார், ஏறி உட்கார்ந்துகொண்டது. வாயைத் திறந்தேன், விழவில்லை. தலையை ஆட்டினேன், விழவில்லை. நீலத் தாள் வைத்துக் கடித்தபோது இரண்டு பக்கமும் புள்ளிக்கோலம்போலப் பொட்டு விழுந்தது. மூன்றாவது விரலும் வாய்க்குள் போனது, கொஞ்சம் இறுக்கமாகத்தான்.

“போங்கள், ஓடுங்கள்” என்றார்.

அன்று வீட்டில் அதைப் போட்டுக்கொண்டே மரக்கறி வெட்டினேன், அக்காவுக்கு ரெலிபோன் எடுத்தேன், மகளை ஏசினேன். கணவர் இரண்டு கையையும் கூப்பினார். “அம்மா தாயே, கழட்டும். பழசைப் போட்டாலாவது கொஞ்ச நேரம் வாய் மூடியிருந்தீர்.”

போட்டி நாள் வெயில் நாள். பெற்றோர் போட்டியில் வேஷம் கட்டுவதும் உண்டாம்; எதிரணிக்காரர் தேனீ வேஷத்தில் வந்திருந்தார்கள். வழுக்கைத் தலையில் கொம்பு கட்டிய ஒரு தேனீ இடப்பக்கத்தால் பறந்து வந்தார். எங்கள் கோல் காப்பாளர் மற்றப் பக்கம் பார்த்துக்கொண்டு நின்றார். நான் வாயைத் திறந்தேன். ஜேர்மன் வரவில்லை.

“இஞ்சாலை! இஞ்சாலை வாறான், விடாதையுங்கோ!”

கோல் காப்பாளர் அந்தச் சத்தத்துக்கே திடுக்கிட்டுத் திரும்பினார். திரும்பினவரின் காலில் பந்து பட்டது. பட்ட பந்து என் மட்டைக்கு வந்தது. அடித்தேன். எங்கே போனதென்று தெரியாது, எங்கள் பக்கத்தில் இல்லை, அது போதும். பனை உயரத்திலிருந்து அவர் என்னைக் குனிந்து பார்த்தார். “உங்களுக்குக் குரல் இருக்கிறதா?”

அந்த ஆட்டத்தில் தோற்றோம். மகள் கோட்டருகே முகத்தைப் பொத்திக்கொண்டு நின்றாள். “அம்மா, முழு மைதானத்துக்கும் கேட்டது!”

“கேக்கட்டும்.”

கணவர் மர நிழலில் ரோல்ஸ் தட்டோடு இருந்தார். தேனீக்கள் ஏற்கெனவே அவரைச் சூழ்ந்துவிட்டன. சிவப்பைக் கழட்டிப் பெட்டியில் வைத்தேன். மகள் எட்டிப் பார்த்து, “வடிவாயிருக்கு. என்ரை இப்ப இறுக்கம், அம்மா, உதை...” என்று தொடங்கினாள்.

“தர ஏலாது” என்றேன். அவளிடம் இதற்கு முன்பு அந்தச் சொல்லைச் சொன்னதாக எனக்கு ஞாபகமே இல்லை, சொல்லவே இனித்தது.

கணவர் தட்டில் பெரிய ரோல்ஸாகப் பார்த்து எடுத்து நீட்டினார். கத்தியும் கொண்டுவந்திருந்தார் மனிசன். “மெல்லமாக் கடியும்” என்றார், என் இடக்கன்னத்தையே பார்த்தபடி. கடித்தேன். காதுக்குள் ஒரு சத்தம். மூன்று பேரும் அசையாமல் நின்றோம். இன்னொரு தரம் கடித்தேன். பொரித்த தூள் நொறுங்குகிற சத்தம், அவ்வளவுதான். கத்தியைத் துடைத்துப் பைக்குள் வைத்தார்.

மைதானத்தில் அடுத்த ஆட்டத்துக்குக் கூப்பிட்டார்கள். வாய் நிறைய இறைச்சியோடு “வாறன்!” என்று கத்தினேன்.