ரிஜெக்ட் ஆன சனிக்கிரகம்

தோழர் ஒருவர் வேண்டாமென்று தள்ளிவிட்ட பழைய தொலைநோக்கியை, சத்துவாச்சாரி வீட்டில் மாதக்கணக்கில் புதுப்பித்தேன். மங்கிய கண்ணாடிக்குப் புதிய அலுமினியப் பூச்சு, துருப்பிடித்த காலுக்குப் பதில் மரத்தாங்கி, கண் வைத்துப் பார்க்கும் முனையில் இன்னும் நல்ல வில்லை. மழை ஓய்ந்து வானம் தெளிந்த மாலையில், ஆம்பூர் ஷூ கம்பெனியில் தரம் பார்க்கும் பக்கத்து வீட்டுக்காரரைப் பெருமையாக மாடிக்கு அழைத்துச் சனிக்கிரகத்தைக் காட்டினேன்.

"இன்னா சார், இத்தனூண்டு இருக்குது? வளையம் வேற கோணலா இருக்குதே!"

சனியையே ரிஜெக்ட் செய்துவிட்டார். அந்தக் கோணலுக்கு நான் பொறுப்பில்லை என்று பணிவோடு சொன்னேன்.

மறுநாள் மாலை குடும்பத்தோடு மாடிக்கு வந்து நின்றார். பார்க்கக் குனிந்த என்னைத் தடுத்தார்.

"கொஞ்சம் இருங்க சார், எங்க வீட்டாளுங்க பாத்துக்கட்டும்."

என் மாடியில், வரிசையின் கடைசியில் மரியாதையாக நின்றேன்.