பெயர் கேட்காத சர்வர்

காலையில் சின்னக்கடை வீதியில் ஒரு கர்ச்சீப் வாங்கினேன். "போன் நம்பர் சொல்லுங்க சார், இல்லாட்டி பில் வராது" என்றார் கவுன்டரில் இருந்த பெண். சொல்லித் தொலைத்தேன்.

மாலை ஸ்ரீரங்கம் வீட்டில், நான் தினமும் தட்டும் தமிழ் கீபோர்டு மென்பொருளின் மூல நிரலை (சோர்ஸ் கோடை) அதன் சர்வரிலிருந்து இறக்கினேன். ஒரே ஒரு வரிக் கட்டளைதான். யாரோ வருடக்கணக்கில் எழுதியது முழுவதும், திருத்திய தவறுகள் உட்பட, என் மடிக்கணினியில் வந்து கொட்டியது!

மனைவி எட்டிப் பார்த்தாள்.

"அக்கவுன்ட்?"

"வேண்டாமாம்."

"ஓடிபி?"

"கேக்கவே இல்ல."

"அப்ப ஏதோ வில்லங்கம். முதல்ல அதை மூடுங்க!"

சந்தோஷம் தாங்காமல், எழுதியவருக்கு அதே தளத்தில் நன்றி சொல்லப் போனேன். அதற்கு மட்டும் அக்கவுன்ட் வேண்டுமாம்.

கர்ச்சீப் கடையோ அதற்குள் எனக்கு எஸ்எம்எஸ்ஸில் மூன்று முறை நன்றி சொல்லிவிட்டது.

அக்கவுன்ட் உள்ள புண்ணியவான் யாராவது என் நன்றியையும் அங்கே சேர்த்துவிடுங்களேன்.