வெயிலில் பாதி, தார்ப்பாயில் பாதி

என் புகுந்த வீட்டில் வெயிலுக்கு மரியாதை கிடையாது. காஞ்சிபுரத்தில் பட்டுத்தறி ஓடும் வீடு. சாயம் ஏற்றிய பட்டை நிழலில்தான் உலர்த்துவார்கள். அது நியாயம். ஆனால் என் மாமியார் அந்தச் சட்டத்தை எல்லாவற்றுக்கும் நீட்டிவிட்டார். ஒருமுறை வடகத்தை நிழலில் காயவைத்து, பூஞ்சை பூத்த பிறகும், "நெறம் எப்டி நிக்குது பாரு" என்று பெருமைப்பட்டார். நானோ தென்னேரி ஏரித் தண்ணீரில் விளைந்த சோற்றைத் தின்று வளர்ந்த விவசாயி வீட்டுப் பெண். எங்களுக்கு வெயில் என்பது கூலி கேட்காத வேலையாள்.

எங்களுடையது காதல் கல்யாணம். இரண்டு வீட்டாரும் ஒருவரை ஒருவர் விசாரித்துக்கொள்வதோடு சரி. அதனால், என் தங்கைக்குக் கல்யாணம் நிச்சயமானபோது, "முகூர்த்தப் பொடவ நம்ம தறியிலதான்" என்று மாமியார் தானாகவே சொன்னதும் எனக்குக் கண் கலங்கிவிட்டது. இந்த வீட்டிலிருந்து அந்த வீட்டுக்குப் போகும் முதல் புடவை. எது தடைப்பட்டாலும் இது தடைப்படக் கூடாது என்று நினைத்தேன்.

தடை, செடி உருவத்தில் வந்தது. நெய்வதற்கு முன் பாவு போட வேண்டும். புடவையின் நீளவாட்டு இழைகளையெல்லாம் இழுத்துக் கட்டிச் சீர்செய்யும் வேலை. அதற்கு நீளமான இடம் வேண்டும். முன்பு தெருவிலேயே செய்தார்கள். இப்போது தெரு முழுக்கக் கார். வீட்டை ஒட்டிய காலிமனை ஒன்றுதான் மிச்சம். மழைக்குப் பிறகு அதில் பார்த்தீனியம் இடுப்பு உயரம் நின்றது, அடியில் நெருஞ்சி. பாவு வேலையில் யாரும் செருப்புப் போட மாட்டார்கள். கையால் பிடுங்கலாம் என்றால், முள் குத்திச் சொரசொரத்த விரலில் பட்டிழை மாட்டிக்கொள்ளும்.

"களைக்கொல்லி அடிச்சிடலாம் அத்தை. இது எங்க வீட்டு வேலை, என்கிட்ட வுடுங்க" என்றேன். வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம்.

வாலாஜாபாத்தில் மருந்து வாங்கினேன். "உச்சி வெயில்ல அடிம்மா, சாயங்காலத்துக்குள்ள கருகிடும்" என்றார் கடைக்காரர். கணவரின் மழைக்கோட்டு, கையுறை, முகக்கவசம், ஹெல்மெட் எல்லாம் மாட்டிக்கொண்டு நடு மத்தியானத்தில் இறங்கினேன். பாதி மனை முடிப்பதற்குள் கோட்டுக்குள் நானே வெந்துவிட்டேன். மீதியைப் பொழுது சாயட்டும் என்று விட்டுவிட்டேன்.

ஆனால் அடித்த பாதி, சொன்னபடி மாலைக்குள் கருகியது. மாமியாரைக் கூட்டிப்போய்க் காட்டினேன். கணவரையும் கூப்பிட்டுக் காட்டினேன். பால்காரரிடமும் சொன்னேன். இருட்டுவதற்குள் மறுபாதிக்கும் அடித்துவிட்டுக் குளிக்கப் போனேன்.

காலையில் பார்த்தால், மறுபாதி முழுவதும் தார்ப்பாய் போர்த்தியிருந்தது. நாலு மூலையிலும் செங்கல்.

"என்ன அத்தை இது?"

"மருந்து ஊற வேணாமா? சாயம் ஊறும்போது வெயில் பட்டா என்னாகும்? நேத்து நீ அவசரப்பட்டுட்ட. இதாவது நல்லா ஊறட்டும்."

"இது சாயம் இல்ல அத்தை, விஷம்."

"எதுவா இருந்தா என்னாமா, ஊறித்தானே ஆவணும்?"

நியாயம் கேட்கக் கணவரைத் தேடினேன். அவருக்குத் திடீரென்று தறியில் ஓர் இழை அறுந்திருந்தது. எனக்கு வந்த கோபத்தில், போர்த்தியே கிடக்கட்டும், மாமியாருக்கே புரியும் என்று விட்டுவிட்டேன். மூன்றாம் நாள் காலை மாமியாரே தார்ப்பாயை எடுத்தார். செடிகள் கொஞ்சம் வெளிறி, மற்றபடி சௌக்கியமாக நின்றன. நான் தங்கைக்கு வீடியோ கால் போட்டு, "என் மாமியார் வளர்க்கிற தோட்டத்தைப் பாருடி" என்று காட்டினேன். இரண்டு பேரும் வயிறு வலிக்கச் சிரித்தோம்.

அன்று வெயில் சுள்ளென்று அடித்தது. மத்தியானம் இலைகள் தொங்கின. சாயங்காலம் செடிகள் தண்டோடு படுத்துவிட்டன. தங்கைக்கு நான் மறுபடி கால் போடவில்லை.

அடுத்த வாரம் மாமியாரின் பாதியைப் பெருக்கித் தள்ளினோம். தரை கோயில் பிராகாரம் மாதிரி இருந்தது. என் பாதியில், கருகிய தண்டுகளின் அடியிலிருந்து பச்சைத் துளிர். நெருஞ்சி ஒருபடி மேலே போய் மஞ்சளாகப் பூத்தும் விட்டது. கடைக்காரருக்குப் போன் செய்து சண்டை போட்டேன்.

"வெயில்ல அடிச்சா எல உடனே பொசுங்கிடும்மா. மருந்து உள்ள எறங்கறதுக்குள்ள வழி அடைஞ்சிடும், அடித்தண்டு பொழைச்சிக்கும். பொழுது சாய அடிச்சா ராவெல்லாம் உள்ள பரவும். அப்புறம் வெளிச்சம் பட்டதும் மொத்தமா சாஞ்சிடும்."

"அப்ப ஏன் உச்சி வெயில்ல அடிக்கச் சொன்னீங்க?"

"அன்னைக்கே கருகலன்னா எல்லாரும் கடைக்கு வந்து சண்ட போடறாங்கம்மா."

"தார்ப்பாய் போட்டு மூடணுமா?"

"மூடறதா? ராத்திரியே இருட்டுதானேமா?"

இந்தக் கடைசிப் பதிலை மட்டும் ஓடிப்போய் மாமியாரிடம் சொன்னேன். "ராத்திரி எல்லார் செடிக்கும்தான் வருது. எஞ்செடிக்கு ரெண்டு நாள் சேத்து வந்துது" என்றார்.

மறுநாள் விடிந்தால் பாவு. மறுபடி மருந்து அடிக்க நேரமில்லை. அடித்தாலும் அதில் வெறுங்காலோடு யார் நடப்பது? இதற்கு மேல் தள்ளினால் புடவை முகூர்த்தத்துக்கு வராது. ஊரில் என் அம்மா எல்லோரிடமும் சொல்லிவைத்திருந்தாள். என் வாய்க்கொழுப்பால் தங்கை கடைப்புடவையில் உட்காரப் போகிறாள் என்று நினைத்து, விடியற்காலையில் அந்த மனையில் நின்று நிஜமாகவே அழுதேன்.

பின்னால் சரசரவென்று சத்தம். மாமியார் தார்ப்பாயை இழுத்துக்கொண்டு வந்தார்.

"அழுதா செடி சாவுமா? அந்த மூலையப் புடி."

செடிகளை மிதித்துச் சாய்த்து, என் பாதியில் பாவு ஓடும் நீளத்துக்குத் தார்ப்பாயை நாலு மடிப்பாக விரித்தோம். அதன் மேல் வெறுங்காலோடு நடந்து பாவு போட்டோம். வெயில் ஏறுவதற்குள் முடிந்தது. "வெவசாயி வூட்டுப் பாதியில ஏன் கொழகொழன்னு இருக்குது?" என்று கணவர் கேட்டார். எனக்குத் திடீரென்று பாவில் ஓர் இழை அறுந்திருந்தது.

கல்யாணத்தன்று தங்கை அந்தப் புடவையில் இருந்தாள். என் அம்மா முந்தானையைப் பிடித்துப் பார்த்துவிட்டு, மாமியாரின் கையையும் பிடித்துக்கொண்டாள். போட்டோக்காரர் ஜோடியை ஏரிக்கரைக்குக் கூட்டிப்போனார். "இப்டி வெளிச்சத்துல வந்து நில்லுங்க."

"வெயில்ல நிக்காதடி, பொடவ வெளுத்துடும். நெழலுக்கு வா" என்று ஒரு குரல் அதட்டியது.

மாமியார் திரும்பி என்னைப் பார்த்துச் சிரித்தபோதுதான், அது என் குரல் என்று தெரிந்தது.