குதிரையோடு பரிசோதனைக்கு வந்த எர்மெக்

எங்கள் கோச்கோர் ஊரில் எர்மெக்கைத் தெரியாதவர்கள் கிடையாது. குதிரை மேலிருந்தபடியே ஆட்டுடலைப் பிடுங்கிக்கொண்டு ஓடும் பந்தயத்தில் எங்கள் அணிக்கு அவன்தான் முன்னணி வீரன். மூக்கு இரண்டு முறை உடைந்திருக்கிறது. விலா எலும்பு முறிந்த அன்றும் ஆட்டை விடவில்லை. ஊசி என்றால் மட்டும் ஆள் இருக்கிற இடம் தெரியாது.

அவன் மனைவி ஜிபார் முதல் பிள்ளை உண்டாகியிருந்தபோது சுகாதார நிலையத்தில் பரிசோதனைக்கு ரத்தம் கொடுத்தாள். ஹெபடைடிஸ் பி கிருமி இருப்பதாக முடிவு வந்தது. மருத்துவச்சி சைரா அவளை உட்காரவைத்துப் பொறுமையாகச் சொன்னாள்: கிருமி குறைவுதான், இப்போதைக்கு மாத்திரை வேண்டாம். பிள்ளை பிறந்த உடனே ஊசி போட்டுக் காப்பாற்றிவிடலாம், தாராளமாகப் பால் கொடுக்கலாம். ஆனால் கணவனையும் பரிசோதித்தாக வேண்டும்.

சேதி கேட்ட மாமியார் ஜிபாரின் தேநீர்க் கிண்ணத்தில் சிவப்பு நூலைக் கட்டித் தனியே வைத்தாள். சேர்ந்து சாப்பிடுவதால் ஒட்டாது, ரத்தத்தாலும் புருஷன் பெண்டாட்டி உறவாலும்தான் பரவும் என்று ஜிபார் விளக்கத் தொடங்கினாள். பாதியிலேயே மாமியார் நூலை அவிழ்த்துக்கொண்டு அடுப்படிக்குப் போய்விட்டாள்.

எர்மெக்கோ லாயத்துக்குள் போனவன் வெளியே வரவில்லை. வயிற்றைத் தாங்கியபடி ஜிபார் தேடிப் போனாள்.

"குதிரைக்கு உடம்பு சரியில்ல. விட்டுட்டு எப்படி வர்றது?"

"அப்ப அதையும் கூட்டிட்டு வா. அதுக்கும் ஒரு ஊசி போடச் சொல்றேன்."

வேறு சாக்குத் தோன்றாததால் குதிரையும் கூட வந்தது. அங்கே சைரா சட்டைக்கையைச் சுருட்டச் சொன்னாள். இடது கையில் பழைய வலி என்றான். வலது கையைக் கேட்டாள். அது ஆட்டைப் பிடிக்கிற கை என்றான்.

"தம்பி, உனக்கு இருக்கிறதே ரெண்டு கைதான். எதுன்னு நீயே சொல்லு."

சொல்வதற்குள் கண் சொருகிவிட்டது. வரிசையில் இருந்த இரண்டு கர்ப்பிணிகள் ஆளுக்கொரு தோளைப் பிடித்துக்கொண்டார்கள். ஒருத்தி அவன் வாயில் சர்க்கரைக் கட்டியைத் திணித்தாள். சைரா அதற்குள் ரத்தம் எடுத்து முடித்திருந்தாள்.

அவனுக்குக் கிருமி இல்லை. தப்பித்தோம் என்று எழுந்தவனை, தடுப்பூசி இருக்கிறது என்று சைரா உட்காரவைத்தாள்.

"அதான் இல்லைன்னு வந்துருச்சே, அப்புறம் எதுக்கு ஊசி?"

"இல்லாமலே இருக்கத்தான்."

அவன் ஊசிக்கு மயங்கிய கதை கேட்டு அணிக்காரர்கள் சிரித்துச் சிரித்து மாய்ந்தார்கள். ஒருவர் மூக்கு ரத்தம் இன்னொருவர் காயத்தில் படுகிற ஆட்டம் ஆடுகிறீர்களே, நீங்களும் வாருங்கள் என்று சைரா சொல்லியனுப்பினாள். வந்தார்கள். வாசலிலேயே அணித்தலைவனுக்கு ஆடுகளைக் காவலில்லாமல் விட்டுவந்தது நினைவுக்கு வந்தது. எர்மெக் கதவைச் சாத்தி, அதில் முதுகைச் சாய்த்து நின்றுகொண்டான். கடைசி ஆளுக்கு முடியும்வரை நகரவில்லை.

வசந்தத்தில் மகள் பிறந்தாள். அன்றே அவளுக்கு ஊசி போட்டார்கள், மற்றவற்றை வேளை தவறாமல் போட்டார்கள். ஒரு வயது கடந்து பரிசோதித்தபோது கிருமி இல்லை. அதைக் கேட்டு ஜிபார் கொஞ்ச நேரம் அழுதாள். பிறகு பசிக்கிறது என்றாள். மூவரும் சந்தைப் பக்கம் போய் ஆட்டிறைச்சிக் கொழுக்கட்டை தின்றார்கள். குழந்தையின் முகமெல்லாம் இறைச்சிக் கொழுப்பு.