காந்தக் குடிலுக்குள் இரும்பு

குடிலின் வாசலில் ஒரு பலாப்பலகைத் தட்டு இருந்தது. உள்ளே போகிறவர்கள் தங்களிடமுள்ள இரும்பையெல்லாம் அதில் இறக்கிவைத்துவிட்டுத்தான் போகவேண்டும். செல்போன், சாவிக்கொத்து, கைக்கடிகாரம், பெல்ட் எல்லாம் அதில் கிடக்கும். நான் வேலைக்குச் சேர்ந்த முதல் நாள் அளவெடுக்கும் அப்சர்வர் அண்ணன் என்னை மூன்று முறை திருப்பி அனுப்பினார். முதலில் தலையிலிருந்த ஹேர்பின், அடுத்து துப்பட்டாவில் குத்தியிருந்த ஊக்கு, மூன்றாவதாக செருப்பு வாரின் கொக்கி. "பிள்ளே, நீ என்ன இரும்புக்கடையா? போ, போயி எல்லாத்தையும் தட்டில போட்டுட்டு வா" என்றார். எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. எம்.எஸ்சி. இயற்பியல் படித்தவளுக்கு இவர் யார் காந்தம் சொல்லித்தர என்று முணுமுணுத்தபடியே கழற்றிவைத்தேன். அந்த மனிதரைப் பற்றித்தான் எழுத உட்கார்ந்திருக்கிறேன். பத்து நாளாக எழுதி எழுதிக் கிழித்துப் போடுகிறேன்.

தக்கலையிலிருந்து பஸ்ஸில் கொஞ்சம் உள்ளே போய், ரப்பர் தோட்டங்களுக்கு நடுவே நடந்தால் எங்கள் நிலையம். பூமியின் காந்தப்புலத்தை அளப்பது எங்கள் வேலை. குடிலை ஓர் இரும்பு ஆணிகூட இல்லாமல் கட்டியிருந்தார்கள். செம்பு ஆணி, பித்தளைக் கீல், மரக்கூரை. எங்கள் மாவட்டத்தின் தலைக்கு மேலே, நூறு கிலோமீட்டர் உயரத்தில், பகலெல்லாம் ஒரு மின்னோட்டம் கிழக்கு நோக்கி ஓடுகிறது. உலகத்தில் இப்படி ஓடுவது காந்த நடுக்கோட்டை ஒட்டி மட்டும்தான். சூரியனில் ஏதாவது கொந்தளிப்பு கிளம்பினால் அது எங்கள் கருவியில் தெரியும். கீழே வயலில் நடவு நட்டுக்கொண்டிருக்கும் என் ஊர்க்காரர்களுக்கு இதெல்லாம் ஒன்றும் தெரியாது. தெரிந்தால் மட்டும் என்ன செய்யப்போகிறார்கள்?

தானியங்கிக் கருவி நொடிக்கு நொடி பதிவு செய்துகொண்டிருக்கும். ஆனால் அதை முழுதாக நம்ப முடியாது. வெயிலுக்கும் மழைக்கும் அது மெல்ல நகர்ந்துவிடும். அதனால் வாரத்துக்கு இரண்டு நாள் ஒரு மனிதன் உள்ளே போய், தியோடலைட் என்ற, இரும்பே இல்லாத ஒரு கோணமானியில் கண்ணை வைத்துக் கையால் அளக்கவேண்டும். கருவி சொல்வதற்கும் மனிதன் அளந்ததற்கும் உள்ள வித்தியாசத்தைப் புள்ளி புள்ளியாக வைத்துக்கொண்டே போனால் ஒரு கோடு வரும். பேஸ்லைன் என்போம். அந்தக் கோடு நேராக இருந்தால் நிலையம் நல்ல நிலையம். அண்ணனின் கோடு எப்போதும் நேராக இருக்கும். குளச்சலுக்கு மேற்கே ஒரு கடற்கரை ஊரில் பிறந்து, பத்தாம் வகுப்போடு படிப்பை விட்டு, இங்கே காவல்காரராகச் சேர்ந்து, பார்த்துப் பார்த்தே வேலையைப் படித்தவர். அவர் கையில் அளவு அப்படி நிற்கும். எனக்கு அந்தக் கை வாய்க்கவில்லை என்பதை ஒப்புக்கொள்ள ஒரு வருடம் ஆனது.

அவருடைய தம்பி ஆழ்கடல் போட்டில் போகிறவன். ஒரு முறை போன போட்டு திரும்பி வரவில்லை. காற்று சுழன்றடித்த நாட்கள் அவை. மற்ற போட்டுகள் ஒவ்வொன்றாக எங்கெங்கோ கரை சேர்ந்தன. இந்த ஒன்று மட்டும் வரவில்லை. கப்பல்கள் தேடின, விமானம் தேடியது, பிறகு தேடுவதை நிறுத்தினார்கள். அண்ணன் நிறுத்தவில்லை. விடுப்பு எடுத்துக்கொண்டு துறைமுகம் துறைமுகமாகப் போய், வருகிற போட்டுகளிலெல்லாம் ஏறிக் கேட்டார். ஒரு நாள் என் மேஜைக்கு முன்னால் வந்து நின்றார். "மக்கா, மேல இருந்து பாத்தா எறும்பு போறதுகூடத் தெரியும்னு சொல்லுகீங்க. ஒரு போட்டு தெரியாதா?" என்று கேட்டார். எனக்குத் தெரிந்த ஆராய்ச்சியாளர்களுக்கெல்லாம் போன் செய்தேன். அந்த நாட்களின் செயற்கைக்கோள் படங்களை வாங்கிப் பார்த்தோம். படம் முழுக்க மேகம். அவர் திரையின் மேல் விரலை வைத்து, வெள்ளைக்கு நடுவே எங்காவது ஒரு கறுப்புப் புள்ளி இருக்கிறதா என்று மூலை முடுக்கெல்லாம் தேடினார். தேடி முடித்ததும் நான் அடுத்த படத்தைத் திறந்தேன்.

இதற்கிடையில்தான் எங்கள் கோட்டில் ஒரு படி விழுந்தது. நேராகப் போய்க்கொண்டிருந்த பேஸ்லைன் ஒரு நாள் திடீரென்று மேலே ஏறி அங்கேயே நின்றுவிட்டது. அந்த ஆண்டின் பதிவு ஒழுங்காக இருந்தால்தான் உலக நிலையங்களின் வரிசையில் எங்களைச் சேர்ப்பார்கள். இல்லாவிட்டால் நிலையத்தை மூடிவிடலாம் என்ற பேச்சு ஏற்கெனவே ஓடிக்கொண்டிருந்தது. தலைமை விஞ்ஞானி போனில் கத்தினார். நான் பேய் பிடித்தவள் மாதிரி ஆனேன். பக்கத்துத் தோட்டத்தில் புது மோட்டார் போட்டிருக்கிறார்களா, யாராவது வேலிக்கு இரும்புக் கம்பி நட்டார்களா, கருவி நிற்கும் தூண் சாய்ந்துவிட்டதா, எல்லாம் பார்த்தேன். எதுவும் இல்லை. கடைசியில் மண்ணுக்குள் ஏதோ புதைந்திருக்கிறது என்று முடிவுகட்டி, குடிலைச் சுற்றித் தோண்டச் சொன்னேன். அண்ணன்தான் தோண்டினார். நான்கு நாள். வேர்வை சொட்டச் சொட்டத் தோண்டினார். ஒரு துருப்பிடித்த லாடம்கூடக் கிடைக்கவில்லை.

பிறகு ஒரு வாரம் அவர் கொச்சிக்குப் போயிருந்தார். அங்கே யாரோ ஒரு போட்டைப் பார்த்ததாகச் சொன்னார்களாம். அளவை நான் எடுத்தேன். கணக்குப் போட்டுப் பார்த்தால் புள்ளி பழைய கோட்டில் போய் உட்கார்ந்திருந்தது. என் கைதான் தப்பு என்று நினைத்து மறுபடியும் எடுத்தேன். அதே இடம். அவர் திரும்பி வந்து எடுத்தபோது புள்ளி மேலே ஏறியது. இரவெல்லாம் தூக்கம் வரவில்லை. அப்புறம் அந்தப் படி விழுந்த நாளைக் காலண்டரில் பார்த்தேன். தேடுதலை நிறுத்திவிட்டோம் என்று அறிவித்த மறுநாள்.

காலையில் குடில் வாசலிலேயே அவரை மறித்துக் கேட்டேன். "அண்ணே, உங்க மேல என்ன இருக்கு?" அவர் என்னைப் பார்க்கவில்லை. சட்டையைத் தூக்கினார். அரைஞாண் கயிற்றில் ஒரு தூண்டில் முள் தொங்கியது. சூரை மீன் பிடிக்கிற பெரிய முள், நல்ல எஃகு. முனையை மடக்கி, குத்தாதபடி நூல் சுற்றியிருந்தது. தம்பி வீட்டில் விட்டுப்போன சாமான்களிலிருந்து அவருடைய அம்மா எடுத்துக் கட்டிவிட்டது. அவன் வந்து தன் கையால் அவிழ்க்கும்வரை அது அண்ணன் இடுப்பில் கிடக்கவேண்டும் என்று கோயிலில் வைத்து நேர்ந்திருக்கிறாள்.

எனக்கு ஆத்திரம் தலைக்கேறியது. "ஒரு ஹேர்பின்னுக்கு என்னைத் திருப்பி அனுப்பின ஆளாண்ணே நீங்க? எல்லாம் தெரிஞ்சுகிட்டா நாலு நாள் மண்ணத் தோண்டினீங்க?" என்று கத்தினேன்.

"முதல்ல நெனப்பில்ல பிள்ளே. அரைஞாண் கயிறு ஒடம்பு மாதிரிதானே, அதை ஆரு சாமான்னு நெனைப்பா? பெறவு ஒரு நாள் கண்ணை வச்சுப் பாத்துட்டு இருக்கும்போ நெனப்பு வந்துது. அப்பம் கழட்ட முடியல்ல." சட்டையை இறக்கிவிட்டார். "அவன் வந்து அவுக்கணும். நானே அவுத்தா, அவன் வரமாட்டான்னு நான் முடிவு பண்ணினதா ஆவாதா? எனக்க அம்மை மொகத்துல எப்பிடி முழிப்பேன்?"

நிலையம் மூடிப்போகட்டும் என்று சொல்லும் துணிச்சலும் எனக்கில்லை, அதைக் கழற்றுங்கள் என்று சொல்லும் நெஞ்சும் இல்லை. இனி நான் உள்ளே போய் அளக்கிறேன், நீங்கள் வெளியே உட்கார்ந்து எழுதுங்கள் என்றேன். அப்படியே மாதங்கள் போயின. உள்ளிருந்து நான் எண்களைச் சொல்வேன், வாசலுக்கு அப்பால் தள்ளி உட்கார்ந்து அவர் எழுதுவார். கெட்டுப்போன புள்ளிகளைத் திருத்தி, அறிக்கையில் காரணம் என்ற இடத்தில், அளப்பவர் அறியாமல் உடலில் இருந்த இரும்பு என்று எழுதினேன். 'அறியாமல்' என்பது பொய். அந்தப் பொய்யை எழுதியதில் எனக்கு இன்றும் வருத்தமில்லை. தலைமை விஞ்ஞானி அவருக்கு ஒரு மெமோ அனுப்பினார். அண்ணன் அதைப் படித்து, நாலாக மடித்துப் பையில் வைத்துக்கொண்டார். என் கோடு அவர் கோட்டளவு நன்றாக இல்லை. நடுங்கிக்கொண்டே போனது. எங்களை உலக வரிசையில் சேர்க்கலாமா என்று பார்க்க ஆய்வுக்குழு வருவதற்கு இரண்டு மாதம்தான் இருந்தது. இந்த நடுக்கத்தை ஏற்பார்களா என்று ஒரு நாள் நான் போனில் புலம்பியதை அவர் கேட்டுக்கொண்டுதான் இருந்தார். அவர் காதில் விழட்டும் என்று பேசினேனா? தெரியாது. அப்படித்தான் பேசினேன் என்று சில நாள் தோன்றும்.

அதன்பிறகு எனக்கு டெங்கு வந்து நாகர்கோவிலில் படுத்துக்கிடந்தேன். பதினைந்து நாள் கழித்துத் திரும்பியபோது, அளவெடுக்காமல் விட்டிருப்பார் அல்லது எடுத்துக் கெடுத்திருப்பார் என்று நினைத்துக்கொண்டுதான் புத்தகத்தைத் திறந்தேன். அளக்கவேண்டிய நாள் ஒன்றைக்கூட விடாமல் எடுத்திருந்தார். எண்களைக் கணினியில் ஏற்றினேன். புள்ளிகள் ஒன்றன்பின் ஒன்றாகப் பழைய கோட்டில் வந்து விழுந்தன. மயிரிழை விலகல் இல்லை. அவருடைய பழைய கோடு.

எங்கள் நிலையம் பிழைத்துக்கொண்டது. இன்று எந்த நாட்டிலிருந்தும் யாரும் அந்த ஆண்டின் பதிவை இறக்கிக்கொள்ளலாம். புயல் நாட்களில் விண்வெளி எப்படி இருந்தது என்று அதை வைத்துக் கட்டுரை எழுதுகிறார்கள். எனக்கும் அதனால்தான் டாக்டர் பட்டம் கிடைத்தது. போன மாதம் ஒரு மாணவி, இந்த இடத்தில் பேஸ்லைன் எவ்வளவு அழகாக இருக்கிறது மேடம் என்று அந்தப் பதினைந்து நாளைக் காட்டினாள். எழுந்து வெளியே போய்விட்டேன்.

டெங்கு முடிந்து திரும்பிய அன்று, நான் அந்தப் புள்ளிகளைத் திரையில் பார்த்து வாயைப் பொத்திக்கொண்டு அழுதபோது அண்ணன் கதவருகே வந்து நின்றார். இடுப்புப் பக்கம் பார்க்க எனக்குத் தைரியம் வரவில்லை.

"சரியா வந்துதா மக்கா?"

"வந்துதுண்ணே."

"பின்னே சரி." திரும்பி இரண்டடி போனவர் நின்றார். "அம்மைக்குக் கண்ணு தெரியாதாயிட்டு. நாளும் ராத்திரி தடவிப் பாப்பா, முள்ளு கெடக்கான்னு. வீட்டுக்குப் போற வழியில திரும்பக் கெட்டிட்டுப் போவேன். நீ அவகிட்ட ஒண்ணும் சொல்லாண்டாம், என்னா?"