ஆளுக்கொரு பெட்டி

மாரண்டஹள்ளியிலிருந்து ஓசூர் போகும் பேருந்தில் போன வாரம் எனக்கு முன் இருக்கையில் ஒரு இளம் ஜோடி உட்கார்ந்திருந்தது. புதிதாகக் கல்யாணமானவர்கள் போலிருக்கிறது, தாலிக் கயிற்றில் மஞ்சள் இன்னும் பளிச்சென்று இருந்தது. காதுக்குள் வைக்கிற வெள்ளைக் குமிழ் இரண்டில் ஒன்றை அவன் வைத்துக்கொண்டு, மற்றதை அவள் காதில் வைத்துவிட்டான். இரண்டு பேரும் தலையை ஆட்டி ஆட்டி ஒரே பாட்டைக் கேட்டார்கள். பேருந்தில் மற்றவர்களுக்கு அது கொள்ளை அழகாக இருந்திருக்கும். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "தம்பி, ஆளுக்குப் பாதி ஒடிச்சித் தின்ன அது என்ன முறுக்கா?" என்று கேட்க நாக்கு நுனி வரை வந்துவிட்டது. பக்கத்திலிருந்த என் வீட்டுக்காரர் முழங்கையால் இடித்தார். "உனக்கு எதுக்கு ஊர் வம்பு?" என்றார்.

ஊர் வம்பா! இதற்கு நான் கோபப்படாமல் வேறு யார் கோபப்படுவார்கள்? பாட்டு என்பது இரண்டு காதுக்குமாகச் சேர்த்துப் பதிந்து வைத்திருப்பது. வலது பக்கம் ஒரு வாத்தியம், இடது பக்கம் ஒரு வாத்தியம், நடுவில் பாடுகிறவர் என்று எத்தனை பேர் உட்கார்ந்து, எவ்வளவு யோசித்துச் செய்த வேலை அது! அதைப் பாதி பாதியாகப் பிய்த்துக்கொண்டு, தலையாட்டல் வேறு. எங்கள் வீட்டுக் கூடத்தில் இருக்கிற ஸ்பீக்கர் இரண்டையும் பெருக்குகிற சாக்கில்கூட யாரும் ஒரு விரற்கடை நகர்த்தக் கூடாது. விருந்தாளி ஒருவர் அதன் தலையில் தண்ணீர்ச் சொம்பை வைத்தபோது நான் பார்த்த பார்வையில் அவர் அப்புறம் எங்கள் வீட்டுப் பக்கமே வரவில்லை. எனக்குக் கிறுக்கு என்று என் பிள்ளைகள் சொல்கிறார்கள். சொல்லிக்கொள்ளட்டும். அந்தக் கிறுக்கு எனக்கு எங்கள் பெரியப்பாவிடமிருந்து வந்தது.

நான் பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்த கேசட் காலம் அது. மாரண்டஹள்ளிக்குப் பக்கத்துக் கிராமத்தில் அப்பாவும் பெரியப்பாவும் கூட்டுக் குடும்பமாக இருந்தார்கள். தக்காளியும் மல்பெரியும் வைத்து, வீட்டிலேயே பட்டுப்புழு வளர்த்தோம். ஒரு தடவை பட்டுக்கூடு நல்ல விலைக்குப் போனபோது பெரியப்பா பெங்களூர் போய் ஒரு டேப் டெக்கும் இரண்டு மரப்பெட்டி ஸ்பீக்கர்களும் வாங்கிக்கொண்டு வந்துவிட்டார். ஊரே வந்து பார்த்தது. பெரியம்மாதான், "இந்தக் காசுக்கு ஒரு கறவை மாடு புடிச்சிருக்கலாம்" என்று முணுமுணுத்துக்கொண்டிருந்தாள்.

பெரியப்பா அந்தப் பெட்டிகளைக் கூடத்தின் இரண்டு கோடியிலும் வைத்து, கயிறு பிடித்து அளந்து, நடுவில் ஒரு கோணிச் சாக்கை விரித்தார். என்னை அதில் உட்காரச் சொன்னார்.

"கண்ண மூடு பாப்பா. இப்ப பாடுதே அந்தம்மா, அது எங்க நிக்குதுன்னு கைய காட்டு."

நான் கையைக் காட்டிவிட்டுக் கண்ணைத் திறந்தேன். என் விரல் சுவரில் தொங்கிய காலண்டரைக் காட்டிக்கொண்டிருந்தது. அங்கே எந்தப் பெட்டியும் இல்லை. இடது பெட்டியில் வயலின் ஏதோ கேட்டது, வலது பெட்டியில் புல்லாங்குழல் பதில் சொன்னது, நட்ட நடுவில் ஒன்றுமில்லாத இடத்தில் நின்று ஒரு பெண் பாடினாள். எழுந்து போய்க் காலண்டரைத் தூக்கிப் பார்த்தேன். பெரியப்பா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். அன்றிலிருந்து நான் அவருடைய கட்சி. சத்தத்துக்கான திருகைப் பாதிக்கு மேல் திருப்பக் கூடாது, திருப்பினால் பெட்டி கரகரக்கும், பாட்டைப் பதிந்தவனுக்கு அது துரோகம் என்பதெல்லாம் எங்கள் கட்சியின் சட்டங்கள்.

அப்பா எந்தக் கட்சியிலும் இல்லை. காதில் ஏதாவது விழுந்துகொண்டிருந்தால் போதும் அவருக்கு.

பிறகு பாகப்பிரிவினை வந்தது. போர்வெல் தண்ணீரை முறை வைத்துப் பாய்ச்சுவதில் தகராறு என்றார்கள், பெண்கள் பேச்சு என்றார்கள், எனக்கு யாரும் ஒன்றும் சொல்லவில்லை. ஊர்ப் பெரியவர்கள் வந்து எங்கள் களத்தில் கட்டில் போட்டு உட்கார்ந்து காட்டைப் பிரித்தார்கள், மாட்டைப் பிரித்தார்கள், அண்டா குண்டாவைப் பிரித்தார்கள். கடைசியில் பாட்டு செட்டுக்கு வந்தார்கள். அவர்களில் மூத்தவர் ஒரு நொடி கூட யோசிக்கவில்லை.

"பொட்டி ரெண்டு. அண்ணந்தம்பி ரெண்டு பேரு. ஆளுக்கு ஒண்ணு எடுத்துக்கங்க. மொபெட்டு பெரியவனுக்குப் போயிட்டதால டெக்கு சின்னவனுக்கு."

அடப்பாவிகளா! நான் மாட்டுக் கொட்டாய்ப் பக்கமிருந்து ஓடிவந்து கத்தினேன். "அது ரெண்டும் ஒரே பாட்டுங்க! பிரிக்கக் கூடாதுங்க!"

எல்லாரும் சிரித்தார்கள். "பசுவையும் கன்னையுமே பிரிக்கறோம், பாட்ட பிரிச்சா என்னா ஆவும்? போ சாமி, உள்ள போ" என்றார் மூத்தவர். நான் பெரியப்பாவைப் பார்த்தேன். அவருக்குத் தெரியாதா? எல்லாம் தெரிந்த மனிதர் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவர்மேல் எனக்கு வந்த முதல் கோபம் அதுதான்.

கூடத்துக்கு நடுவில் சுவர் எழும்பியது. விட்டம் வரை கட்டி நிறுத்திவிட்டார்கள், அதற்கு மேல் ஓடு வரை இடைவெளி அப்படியே கிடந்தது. இடது பெட்டியும் டெக்கும் எங்கள் பக்கம், வலது பெட்டி பெரியப்பா பக்கம். அவர்கள் ஜன்னலை இடித்துத் தங்களுக்குத் தனி வாசல் வைத்துக்கொண்டார்கள். அப்பா தினமும் காலையில் புழுவுக்குத் தழை போட்டுவிட்டு வந்து, மிச்சமிருந்த ஒற்றைப் பெட்டியில் பாட்டுப் போட்டார். வயலின் கேட்கும். பதில் வராது. மறுபடி கேட்கும். எவனோ ஒருவன் வாயைப் பொத்திவிட்ட மாதிரி ஒரு வெற்று இடம், அப்புறம் பாட்டு தொடரும். எனக்குச் சோறு இறங்காது.

"அப்பா, பாதிப் பாட்டக் காணோம்ப்பா!"

"சத்தம் வருதில்ல? அப்பறம் என்னா?"

இந்த ஒரு வாக்கியத்தை என் ஆயுசுக்கும் மன்னிக்க மாட்டேன். அப்பா அதைச் சொன்ன நாள்களில் சுவருக்கு அந்தப் பக்கமிருந்து ஒரு செருமல் கேட்கும். சரியாகப் புல்லாங்குழல் வரவேண்டிய இடத்தில் கேட்கும். பெரியப்பா அங்கே வெறும் பெட்டியை வைத்துக்கொண்டு எங்கள் பாதிப் பாட்டைக் கேட்டுக்கொண்டிருந்தார். பெரியம்மா அந்தப் பெட்டியின் மேல் மாவு டப்பா வைத்திருந்தாள் என்று பெரியப்பா மகள், என் அக்கா, வந்து சொன்னபோது எனக்கு அழுகையே வந்துவிட்டது.

இரண்டு வீட்டுப் பெரியவர்களும் பட்டுக்கூட்டு மூட்டைகளோடு தருமபுரி அங்காடிக்குப் போயிருந்த ஒரு நாள், அக்காவும் நானும் காரியத்தில் இறங்கினோம். பழைய மோட்டார் ஒயரில் ஒரு கல்லைக் கட்டிச் சுவருக்கு மேலே அந்தப் பக்கம் வீசினேன். அக்கா வலது பெட்டியைத் தூக்கி அரிசி டிரம்மின் மேல் வைத்து ஒயரை முறுக்கி மாட்டினாள். இந்தப் பக்கம் நான் டெக்கின் பின்னால் மாட்டிப் பாட்டைப் போட்டேன். இரண்டு பக்கமும் சத்தம் வந்தது. ஆனால் நடுவில் சுவர்! விட்டேனா? குதிர்மேல் ஏறி, சுவர்மேல் ஏறி, ஓட்டில் தலை இடிக்க, இந்த வீட்டில் ஒரு காலும் அந்த வீட்டில் ஒரு காலுமாக உட்கார்ந்தேன். அக்காவும் அந்தப் பக்கமிருந்து ஏறி வந்தாள். வயலின் கேட்டது. புல்லாங்குழல் பதில் சொன்னது. ஐயோ, என்ன சுகம்! ஒட்டடையும் கரப்பானும் சூழ அக்காவும் நானும் கையைப் பிடித்துக்கொண்டு முழுப் பாட்டையும் கேட்டோம்.

இரண்டாவது பாட்டில் பெரியவர்கள் வந்துவிட்டார்கள்.

"எங்க பொட்டிய ஓசியில ஓட்றாங்க பாருங்க!" என்று அந்தப் பக்கமிருந்து பெரியம்மா.

"எங்க டெக்கு, எங்க வூட்டு கரண்டு. பாட்டு கேக்கறது உங்க வூட்ல. யாரு ஓசி?" என்று இந்தப் பக்கமிருந்து அம்மா.

ஒரு பாட்டின் எந்தப் பாதிக்கு எவ்வளவு கரண்டு என்று பேசிய பெண்களை உலகத்தில் வேறெங்கும் பார்த்திருக்க முடியாது. பேச்சு மாட்டுக்கும், மாட்டிலிருந்து காட்டுக்கும் போனது. அப்பாவுக்குப் பொறுக்கவில்லை. "எல்லாச் சனியனும் இதனாலதான்" என்று ஒயரைப் பிடித்து ஒரே இழுப்பாக இழுத்தார். அதன் மறுமுனை டிரம்மின் மேல் இருந்தது அவருக்குத் தெரியாது. அந்தப் பக்கம் தடால் என்று ஒரு சத்தம் கேட்டது.

பெரியப்பா மூலை உடைந்த பெட்டியை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு தெரு சுற்றி எங்கள் வாசலுக்கு வந்தார். அவர் கத்திப் பார்த்ததே இல்லை நான். "அண்ணன் பொருளுன்னுதானடா இழுத்த? இனி நான் இந்த வாசப்படிய மிதிச்சேன்னா ஒரே அப்பனுக்குப் பொறந்தவன் இல்ல!"

அப்பா தெரியாமல் இழுத்ததாகச் சொல்லியிருக்கலாம். மிதிக்காதே போ என்பது மாதிரி முகத்தைத் திருப்பிக்கொண்டார். நான் இதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. அம்மா கையால் இனிமேல் சாப்பிடவே மாட்டேன் என்று நானும்தான் வாரம் ஒரு தடவை சத்தியம் செய்வேன், தோசை ஆறுவதற்குள் சாப்பிட்டும் விடுவேன். எனக்குக் கவலையெல்லாம் பெட்டியின் மூலையைப் பற்றித்தான்.

பல மாதம் போனது. அப்பா இப்போதெல்லாம் முன்னைவிட அதிக நேரம் பாட்டுப் போட்டார். சுவருக்கு அந்தப் பக்கம் செருமல் மட்டும் நின்றுபோயிருந்தது. அப்புறம் ஒரு நாள் மத்தியானம், தோளில் பெட்டியோடு பெரியப்பா எங்கள் வாசலில் வந்து நின்றார். மூலையைப் பசை போட்டு ஒட்டியிருந்தார். அப்பா உள்ளே கட்டிலில் படுத்தபடி ஓட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார், எழுந்திருக்கவில்லை. அம்மாதான் ஈரக்கையோடு ஓடிவந்தாள்.

"உள்ள வாங்க மாமா."

பெரியப்பா படி ஏறவில்லை. பெட்டியைப் படியில் இறக்கிவிட்டு என்னிடம் பேசினார். ஆனால் உள்ளே கேட்கிற மாதிரி பேசினார்.

"பாப்பா, இத எடுத்துக்க. உங்கப்பன் அரப்பாட்டு போட்டு போட்டு என் காத அறுக்கறான். மனுசன் எத்தினி நாளைக்குத்தான் தாங்கறது? அதுக்கு எதுத்தாப்பல வை. சுவத்த ஒட்டி வைக்காத."

நானும் அம்மாவும் தூக்கி வைத்தோம். அவர் படிக்குக் கீழே நின்றபடியே கழுத்தை நீட்டி, இன்னும் தள்ளு, மூஞ்சிய இந்தப் பக்கம் திருப்பு என்று சொல்லிக்கொண்டிருந்தார். பாட்டைப் போட்டேன். கூடம் பாதியாகிவிட்டிருந்தாலும் அந்தம்மா வந்து நடுவில் நின்றுவிட்டாள். வயலினுக்குக் குழல் பதில் சொன்னது. ஜெயித்துவிட்டேன் என்று குதித்தேன்.

"பெரீப்பா, வாங்க! நடுவுல வந்து உக்காருங்க!"

"இருக்கட்டும் பாப்பா. இங்கியே நல்லாத்தான் கேக்குது."

என்ன பச்சைப் பொய்! இடது பெட்டி திறந்திருந்த கதவுக்குப் பின்னால் இருந்தது. படிக்குக் கீழே நின்றால் குழல் கேட்கும், வயலின் கேட்கவே கேட்காது. எனக்குக் கயிறு பிடித்து அளந்து சொல்லிக்கொடுத்த மனிதர் பேசுகிற பேச்சா இது? "பொய்யி! அங்க பாதிதான் கேக்கும்!" என்று காலை உதைத்தேன். அவர் துண்டால் கழுத்தைத் துடைத்துக்கொண்டு அங்கேயே நின்றார்.

அப்போது அப்பா கட்டிலிலிருந்து எழுந்து வந்தார். வாசல் பக்கம் பார்க்கவில்லை. டெக்கின் முன்னால் குந்தி உட்கார்ந்து சத்தத்தைக் கூட்டினார். பாதியைத் தாண்டிவிட்டது. பெட்டி கரகரக்க ஆரம்பித்தது. எனக்கு உச்சந்தலைக்கு ஏறிவிட்டது. பாய்ந்துபோய்த் திருகைப் பழைய இடத்துக்கே குறைத்தேன்.

"கைய எடு பாப்பா" என்றார் அப்பா. அதட்டவில்லை, மெதுவாகத்தான் சொன்னார். என் கையை விலக்கிவிட்டு மறுபடியும் கூட்டினார், தெருமுனை வரை கேட்கும்படி கூட்டினார். பாட்டு முடிகிற வரை அவர் விரல் அந்தத் திருகை விடவில்லை. பெரியப்பாவும் பாட்டு முடிகிற வரை, கரகரப்போடு சேர்த்து, படிக்குக் கீழே கண்ணை மூடிக்கொண்டு நின்றார். அப்புறம் போய்விட்டார்.

எனக்கு வந்த ஆத்திரம் கொஞ்சநஞ்சமல்ல. முழுப் பாட்டு திரும்பக் கிடைத்த முதல் நாளே இப்படிக் கெடுத்துவிட்டார்களே! பெரியப்பாவுக்குக் காது போய்விட்டது, அப்பாவுக்கு முதலிலிருந்தே இல்லை, இந்த வீட்டில் பாட்டுக் கேட்கத் தெரிந்தவள் நான் ஒருத்திதான் என்று அம்மாவிடம் போய்ச் சொன்னேன். அம்மா முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தாள். இவளுக்கு வேறு இப்போது என்ன வந்தது என்று அதற்கும் சேர்த்துக் கோபித்துக்கொண்டேன்.