எட்டாம் நம்பர் மலைக்கு ஒரு ரிசீவர்

வெளிச்சத்தில் பயணம் செய்கிற சத்தம்தான் உலகத்திலேயே சுத்தமான சத்தம் என்று நான் நம்பியிருந்தேன். நம்பியதோடு நிறுத்தியிருக்கலாம். எங்கள் தேயிலைத் தொழிற்சாலையின் சல்லடை அறையில் என்னோடு வேலை செய்பவர்களுக்கு ஒரு வாரம் பாடமே எடுத்தேன். டீவிக்குப் பின்னால் குத்துகிற மெல்லிய கம்பி ஒன்று இருக்கிறது. அதன் நுனியில் சிவப்பாக ஒரு புள்ளி எரியும். சத்தத்தை வெளிச்சமாக்கி அந்த வழியாக அனுப்புகிறார்களாம். வெளிச்சத்தை விட வேகமானது எது? அப்படியென்றால் அதை விட நல்ல கம்பி எது? என் விஞ்ஞானம் அவ்வளவுதான். மனைவிக்கும் அந்த நுனியைக் காட்டினேன். கிட்டே வந்து பார்த்தாள்.

"ஊதுபத்தி மாதிரி இருக்கு. சாமி படத்துக்கிட்ட வைங்க," என்றாள்.

இந்தக் கம்பி, ரிசீவர் எல்லாம் எங்கள் மகளால் வந்த வினை. அவள் கொழும்பில் ஒரு ஸ்டூடியோவில் இருக்கிறாள். படங்களுக்கு ஒலிப்பதிவு செய்வது, பிறகு அதைச் சேர்த்து ஒழுங்குபடுத்துவது அவள் வேலை. போய் ஒரு வருடம் ஆன நேரத்தில், எப்போதோ எழுதிய பரீட்சைக்கு ஆசிரியர் நியமனக் கடிதம் வந்துவிட்டது. திம்புள்ளப் பக்கத்துத் தோட்டங்களில் அந்தக் கடிதத்துக்கு என்ன மரியாதை என்று வெளியாட்களுக்குச் சொல்லிவிடுகிறேன். கடிதம் வந்த அன்று, வரிசை வீடுகளான எங்கள் லயத்தின் அந்தக் கோடியிலிருந்தெல்லாம் ஆட்கள் வந்து, உறையைத் தொட்டுப் பார்த்துவிட்டுப் போனார்கள். மகள் போனில், "எனக்கு வேணாம்" என்றாள். மாதத்தின் கடைசிச் செவ்வாய்க்கிழமைக்குள் போய் ஏற்காவிட்டால் நியமனம் போய்விடும்.

மனைவி இருபத்திரண்டு வருடமாகக் கொழுந்து பறிக்கிறவள். மழையிலும் அட்டைக்கடியிலும் நின்று மகளைப் படிக்க வைத்தவள். கத்துவாள் என்று நினைத்து நான் வாசல் பக்கம் நகர்ந்தேன். அவள் கத்தவில்லை. போனை என் கையிலிருந்து வாங்கினாள்.

"நீ அங்க என்னாதான் செய்யிற பாப்பா? கம்பிய குத்துற, கம்பிய புடுங்குற. அது ஒரு வேலையா? நீ செஞ்சத நான் என் காதால கேக்கணும். கேட்டுட்டுத்தான் சரியோ இல்லையோ சொல்லுவேன்."

மகள் ஒத்துக்கொண்டாள். அவள் கடைசியாகச் செய்தது ஒரு பத்து நிமிடக் குறும்படம், எங்கள் தோட்டத்து எட்டாம் நம்பர் மலையில் எடுத்தது. ஆனால் அதன் சத்தம் முன்னால், பக்கத்தில், பின்னால் என்று ஐந்து இடத்திலிருந்து வரும்படி செய்யப்பட்டதாம். போனிலோ டீவியிலோ கேட்டால் அது கேட்டதாகவே ஆகாதாம். ஐந்து ஸ்பீக்கர் வேண்டும், அவற்றை அவளே கொண்டுவருவாளாம். அந்த ஐந்துக்கும் சத்தத்தைப் பிரித்துக் கொடுக்கிற ரிசீவர் என்ற பெட்டியை நான் வாங்க வேண்டும்.

"அப்பா, லாஸ்லெஸ் வாசிக்கிற ரிசீவரா பாத்து வாங்குங்க. நான் பதிஞ்சதுல ஒண்ணும் கொறயாம வரணும். வெளங்குச்சா?"

"இது கூடவா எனக்குத் தெரியாது?" என்றேன்.

தெரியாது. போனை வைத்தபோது அந்தக் குளிரிலும் எனக்கு முதுகு வேர்த்திருந்தது. ஒரு பெண்ணின் வாழ்க்கை, நான் எந்தப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வருகிறேன் என்பதில் தொங்குகிறது. தவறானதை வாங்கினால் மகள் டீச்சர். அதுவும் நல்ல உத்தியோகம்தான். ஆனால் அப்பனுடைய முட்டாள்தனத்தால் டீச்சரானேன் என்று அவள் பென்ஷன் எடுக்கும் வரை சொல்லிக் காட்டுவாள்.

ஹட்டனில் முதல் கடையில் ஒரு பெட்டியைப் பார்த்தேன். பாட்டுக்குத் தக்கபடி நீலமும் பச்சையுமாகப் பன்னிரண்டு லைட் ஓடியது. மயங்கி நின்றேன். பயம் வந்ததால் வாங்காமல் நுவரெலியாவுக்கு பஸ் ஏறினேன். துணிச்சலுக்குக் கிடைக்கிற பேர் எல்லாம் பயத்துக்குப் போக வேண்டியது என்று எனக்கு எப்போதும் ஓர் எண்ணம்.

நுவரெலியாக் கடைக்காரர் சிங்களவர், என் வயதுதான் இருக்கும். அவருடைய தமிழும் என்னுடைய சிங்களமும் ஒரே வகுப்பில் பெயிலானவை. நான் அவரைச் சிங்களத்தில் ஐயா என்கிற மாதிரி மாத்தயா என்றேன். அவரும் என்னை மாத்தயா என்றார். இரண்டு துரைமார் நின்றுகொண்டு பேசினோம்.

"இதுல எத்தன வாட் மாத்தயா?" என்று கேட்டேன். கேட்க வேறெதுவும் தெரியவில்லை.

"வீட்டுக்கா? கல்யாண ஹோலுக்கா?"

"வீட்டுக்கு. ரெண்டு ரூம்."

"அப்ப வாட் எதுக்கு மாத்தயா? கூரை பறக்கவா? ஒக்காருங்க."

என்னை நடுவில் ஒரு நாற்காலியில் உட்கார வைத்து, ஒரே காட்சியை இரண்டு பெட்டிகளில் போட்டார். ஏதோ ஒரு வீட்டுச் சமையலறை. முதலாவது பெட்டி, ஹட்டனில் நான் மயங்கியதன் தம்பி. அதில் எல்லாச் சத்தமும் ஒரே சாக்கில் கட்டி முன்னால் இறக்கியதுபோல வந்தது. இரண்டாவது பெட்டி கறுப்பு, லைட்டும் இல்லை, அழகும் இல்லை. ஜப்பானில் யாரோ பாவித்துவிட்டுத் தள்ளியது. அதைப் போட்டார். என் வலது தோளுக்குப் பின்னால் யாரோ ஒரு கிளாசை மேசையில் வைத்தார்கள். நான் நாற்காலியை இழுத்துக்கொண்டு, "சொரி" என்று திரும்பினேன். பின்னால் ஒரு சுவரும் ஒரு கலண்டரும்தான்.

கடைக்காரர் சிரிக்கவில்லை. இதற்கு முன்னாலும் ஆட்கள் திரும்பியிருக்க வேண்டும். நான்தான் அந்தச் சுவரைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். சல்லடை அறையில் என் வேலை, தேவையில்லை என்று தோன்றுகிற தூசியையும் நாரையும் அரித்துத் தள்ளுவது. சாதாரணமாகச் சத்தத்தையும் அப்படித்தான் அரிக்கிறார்களாம். இடம் மிச்சப்படுத்துவதற்காக, மனிதக் காது கவனிக்காது என்று நினைப்பதை எல்லாம் எறிந்துவிடுகிறார்கள். லாஸ்லெஸ் என்றால் எதையும் எறிவதில்லை. அந்த கிளாஸ் மேசையைத் தொட்ட பிறகு, கண்ணாடி ஒரு நொடி நடுங்கி ஓய்ந்தது வரை வந்தது. ஒரு மனிதன் இவ்வளவு நாளும் அரித்த சத்தத்தை மட்டுமே கேட்டு வளர்ந்திருக்கிறான், அது அவனுக்கே தெரியாது.

கறுப்புப் பெட்டியையே எடுத்தேன். தடித்த கம்பி ஒன்றையும் கடைக்காரர் உள்ளே போட்டு, "லெப்டொப்ல இருந்து நேரா இதுக்கு. டீவிக்குப் போக வேணாம்" என்று இரண்டு பாஷையிலும் சொன்னார். தலையாட்டினேன். தலை ஆடியதே தவிர, உள்ளே ஒன்றும் மாறவில்லை. தலவாக்கலை பஸ்ஸில் துவாயில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டு வந்தேன். பக்கத்தில் இருந்த அம்மா, "லொறி பெட்டரியா தம்பி?" என்று கேட்டார். ஆமாம் என்றேன். ரிசீவர் என்று சொன்னால் விளக்கம் சொல்ல வேண்டி வரும்.

கடைசிச் செவ்வாய்க்கு மூன்று நாள் முன்பு, சனிக்கிழமை பகல், மகள் ஸ்பீக்கர்களோடு வந்தாள். அவள் முகம் கழுவி வருவதற்குள் எல்லாவற்றையும் நானே பூட்டி முடித்திருந்தேன். லெப்டொப்பிலிருந்து டீவிக்கு ஒரு கம்பி. டீவியிலிருந்து ரிசீவருக்கு என்னுடைய சிவப்பு வெளிச்சம். மனைவியை நடுவில் உட்கார வைத்தோம். கையைக் கட்டிக்கொண்டு, சம்பந்தம் பேச வந்தவர்களைப் பார்ப்பதுபோல டீவியைப் பார்த்தாள்.

படம் ஓடியது. காற்று, பேச்சு, இலை, எல்லாம் முன்னாலிருந்து கட்டியாக வந்தது. பின்னால் இருந்த இரண்டு ஸ்பீக்கரும் வாயைத் திறக்கவில்லை. இரண்டு நிமிடம் போனதும் மனைவி என்னைப் பார்த்தாள், மகளைப் பார்த்தாள்.

"இதுக்குத்தானா டீச்சர் வேலைய வேணாங்குற?"

மகளுக்கு முகம் செத்துவிட்டது. நான் உடனே வோலியூமைக் கூட்டினேன். பதற்றம் வந்தால் எதையாவது கூட்டுவது என் பழக்கம். மகள் எழுந்து ரிசீவருக்குப் பின்னால் எட்டிப் பார்த்தாள்.

"அப்பா! ஏம்ப்பா டீவி வழியா குடுத்தீங்க? இந்த வயருல அஞ்சு பக்கமும் முழுசா வராது. ரெண்டாச் சுருக்கித்தான் அனுப்பும்."

"வெளிச்சம்லம்மா அது..."

"வெளிச்சந்தான். அதுல எடம் பத்தாது."

கடைக்காரர் கொடுத்த தடித்த கம்பியை எடுத்து, லெப்டொப்பிலிருந்து நேராக ரிசீவரில் குத்தினாள். படத்தை முதலிலிருந்து போட்டாள்.

எங்கள் முன்னறையின் சுவர்கள் போய்விட்டன. எனக்கு வேறு மாதிரிச் சொல்லத் தெரியவில்லை. மனைவியின் இடது பக்கம் கீழே பள்ளத்தில் தண்ணீர் ஓடியது. பறிக்கிறவர்களை மேற்பார்க்கிற கங்காணியின் குரல் பின்னால் மேட்டிலிருந்து இறங்கி வந்தது. எங்களைச் சுற்றிலும் பெண்கள் நின்று கொழுந்து பறித்தார்கள். ஒவ்வொரு விரலும் எங்கே இருக்கிறது என்று சொல்லிவிடலாம். தொழிற்சாலைக்கு வந்து சேர்கிற கொழுந்தை முப்பது வருடமாகப் பார்க்கிறேன். அது செடியை விட்டுப் பிரிகிற சத்தத்தை அன்றுதான் கேட்டேன். மூச்சை விடவே பயமாக இருந்தது.

மனைவி கண்ணை மூடிக்கொண்டாள். கட்டியிருந்த கை மெல்ல அவிழ்ந்தது. படம் முடிந்தும் திறக்கவில்லை.

"மழைத்தண்ணிக் கான் ஓரமா நின்னு புடிச்சிருக்க," என்றாள். "மேல்பக்கத்துக் கான்."

"ஆமாம்மா," என்றாள் மகள்.

"எல்லாரும் நல்லாத்தான் எடுக்குறாளுக. எனக்குப் பின்னால வலது பக்கம் நிக்கிறாளே, அவ யாரு? கொழுந்தோட முத்துன தண்டையும் சேத்து ஒடிக்கிறா. டக்கு டக்குன்னு கேக்குதே. கங்காணி காதுல என்னா, பஞ்சா?"

எனக்கு எல்லாம் ஒரே மாதிரிதான் கேட்டது. மகள் சுவரில் சாய்ந்துவிட்டாள்.

"அன்னைக்கு ஒரு ஆள் கொறஞ்சிச்சும்மா. அந்தப் பக்கத்துச் சத்தத்துக்கு மைக்க நட்டு வச்சிட்டு நாந்தான் பறிச்சேன்."

ஒரு துளியையும் எறியாத பெட்டியைத் தேடி நான் மலையெல்லாம் அலைந்திருக்கிறேன். இருபத்திரண்டு வருடமாக ஒரு துளியையும் எறியாத காது ஒன்று என்னோடு ஒரே வீட்டில் சோறு சாப்பிட்டுக்கொண்டிருந்திருக்கிறது.

"இத கொழும்புல யாருக்கிட்டயாச்சும் காட்டிட்டியா?" என்று மனைவி கேட்டாள்.

"இன்னும் இல்ல."

"காட்டாத. சிரிப்பாளுக. மொதல்ல அத மாத்து."

"அப்ப அந்த லெட்டர்..." என்று மகள் இழுத்தாள்.

"மொதல்ல அத மாத்துன்னேன்ல?"

செவ்வாய்க்கிழமை காலை மகள் எட்டாம் நம்பர் மலையில், மேல்பக்கத்துக் கான் ஓரத்தில் மைக்கைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அவளுக்குப் பின்னால் வலது பக்கம் அவளுடைய அம்மா கொழுந்து பறித்தாள். பதிவு முடிந்தபோது மணி மூன்றரை. நியமனத்தை ஏற்கிற அலுவலகம் நாலு மணிக்கு மூடியது. யாரும் போகவில்லை.